31 அங்குல இழுப்புக்கு எத்தனை அங்குல ரிகர்வ் வில் வாங்கலாம்?

அல்சூரில் இருக்கிறீர்கள், நாணை 31 அங்குலம் வரை இழுக்கிறீர்கள், பயிற்சியில் தரும் 66 அங்குல ரிகர்வ் வில்லில் (நுனிகள் முன்பக்கம் வளைந்த வில்) விரல் நசுங்குகிறது, சொந்தமாக எதை வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

70-க்குக் கீழே போகாதீர்கள். வில் குட்டையாக இருந்தால் முழு இழுப்பில் நாண் கூர்மையாக மடிந்து, விரல்களை நாணில் மாட்டும் அம்பின் பின்முனையோடு சேர்த்து நெரிக்கும். விடும்போது விரல் சுத்தமாக விலகாது, அம்பு கோணலாகக் கிளம்பும். கடைசி ஓர் அங்குலத்தில் பாரம் திடீரென ஏறுவதும் பெரும்பாலும் இதனால்தான். உங்கள் தோளில் பலமில்லை என்று நினைத்துவிட வேண்டாம்.

25 அங்குல ரைசரில் (நடுவில் கைப்பிடிக்கும் பகுதி) லாங் லிம்ப் (மேலும் கீழும் மாட்டும் வளையும் கைகள்) போட்டால் 70. 27 ரைசரில் மீடியம் போட்டாலும் அதே 70, லாங் போட்டால் 72. உங்கள் இழுப்புக்கு 72 இன்னும் மென்மையாக இருக்கும். ஆனாலும் முதல் வில்லுக்கு நான் 25 ரைசரும் லாங் லிம்பும்தான் சொல்வேன். ஐஎல்எஃப் ரைசராக, அதாவது பல நிறுவனங்களின் லிம்பும் பொருந்தும் பொது இணைப்பு உள்ளதாகப் பாருங்கள், பிறகு லிம்பை மட்டும் மாற்றலாம்.

அப்புறம் பவுண்டு, அதாவது நாணை இழுக்கும்போது வரும் பாரம். லிம்பில் எழுதியிருப்பது 28 அங்குல இழுப்புக்கு. அதற்கு மேல் ஒவ்வோர் அங்குலத்துக்கும் சுமார் 2 பவுண்டு கூடும். 24 என்று வாங்கினால் உங்கள் விரலில் 30 நிற்கும். 20-ல் ஆரம்பியுங்கள்.