ஆற்றோர வயலில் உமரி முளைக்கிறது, என்ன செய்வது?

கேள்வி: கொள்ளிடம் கடலில் சேரும் இடத்துக்கு மேற்கே எனக்கு 4 ஏக்கர் நிலம். ஆற்றை ஒட்டிய ஒரு ஏக்கரில் மூன்று வருடமாக நெல் கருகுகிறது, உப்பு நிலத்தில் வளரும் உமரிச் செடி முளைக்கிறது. கரையோரம் கண்டல் (அலையாத்தி) செடிகளும் வந்துவிட்டன. அவற்றை வெட்டிவிட்டு, கரையை உயர்த்தி, ஜிப்சம் போடலாமா ஐயா?

பதில்: வெட்டாதீர்கள். ஓதத் தண்ணீர், அதாவது கடல் ஏற்றத்தில் உள்ளே ஏறும் உப்புநீர், எதுவரை வருகிறது என்று அந்தச் செடிகள்தான் உங்களுக்குக் காட்டுகின்றன.

கடல் மட்டம் உலக சராசரியாக வருடத்துக்கு 3 முதல் 4 மில்லிமீட்டர் உயர்கிறது. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் ஆற்றின் கடைசியில் உள்ள உங்கள் கடைமடை நிலம் தட்டையானது. கொள்ளிடத்தின் குறுக்கே அணை உள்ள அணைக்கரைக்குக் கீழே வெள்ளக் காலம் தவிர நல்ல தண்ணீர் வரத்தும் குறைவு. எதிர்த்துத் தள்ள ஆற்றுநீர் இல்லாததால் உப்புநீர் மேலேறி வருகிறது. அதோடு சேர்ந்து கண்டலும் மேலேறப் பார்க்கிறது. கரையை உயர்த்தினால் அதற்குப் போக இடமில்லாமல் அழியும், அப்புறம் அலை நேராக உங்கள் கரையில் மோதும். உப்பு எப்படியும் அடிமண் வழியாக உள்ளே ஊறும்.

பிச்சாவரத்தில் நடந்ததைச் சொல்கிறேன். மரம் வெட்டிய இடங்கள் பள்ளமாகி, ஓதநீர் தேங்கி வற்றி, கண்டலே தாங்க முடியாத அளவுக்கு உப்பு ஏறியது. பிறகு மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, தண்ணீர் தினமும் வந்து போகும்படி செய்ததும் காடு திரும்பியது. உங்கள் ஒரு ஏக்கரிலும் ஓதம் தேங்காமல் வந்து வடிய வாய்க்கால் எடுத்து, கண்டலுக்கு விட்டுவிடுங்கள். மனசு கேட்காதுதான். ஆனால் அங்கே மூன்று வருடமாக விதைநெல்லைத்தானே இழந்தீர்கள்?

ஜிப்சம் களர் (சோடியம் மிகுந்த) மண்ணுக்கு மருந்து, உவர் (உப்பு மிகுந்த) மண்ணுக்கு அல்ல. முதலில் மண் பரிசோதனை செய்யுங்கள். பி.எச். 8.5க்கு மேல் என்றால் களர். பி.எச். அதற்குக் கீழே இருந்து இ.சி. (உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன்) 4ஐத் தாண்டினால் உவர்; அதற்கு நல்ல தண்ணீரால் கழுவி வடிப்பதுதான் வைத்தியம்.

மீதி 3 ஏக்கருக்கு உள்வரப்பும் வடிகாலும் போடுங்கள். மழைநீரைத் தேக்கி இரண்டு மூன்று முறை வடித்த பிறகு, தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரச் செடியை மடக்கி உழுது நடுங்கள். கோ 43, திருச்சி 1 ரகங்கள் ஓரளவு தாங்கும். இளநாற்று வேண்டாம், சற்று முற்றிய நாற்றாக, குத்துக்கு ஒன்றிரண்டு கூடுதலாக வையுங்கள். நெல்லுக்கு நாற்றுப் பருவமும் பூக்கும் பருவமும்தான் உப்புக்குப் பயந்தவை.

வடிமடையை வற்றத்தில் (ஓதம் இறங்கும் நேரத்தில்) மட்டும் திறங்கள். அமாவாசை, பௌர்ணமிக்கு அடுத்த ஓரிரு நாட்கள் ஓதம் உச்சத்தில் இருக்கும். அந்த இரவுகளில் மடையைத் திறந்துவிட்டுத் தூங்கப் போய்விடாதீர்கள்.