முதலில் கணவரின் இரத்தத்தைப் பாருங்கள்

வெள்ளவத்தையில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: 9 கிழமைக் கர்ப்பம். கணவர் சொந்த மாமா மகன். அவருடைய அக்காவின் பிள்ளைக்குத் தலசீமியா, மாதாமாதம் இரத்தம் ஏற்றுகிறார்கள். ‘எல்லாப் பரம்பரை நோயும் தெரிந்துவிடும்’ என்று லாப் ஆள் சொல்லும் டெஸ்டை எடுக்கலாமா?

அதற்குக் காசு கட்டாதீர்கள். அவர் தந்த பளபளப்பான கடதாசியின் அடியில் சின்ன எழுத்தைப் பாருங்கள்: 21, 18, 13. வழக்கமாக அந்த டெஸ்ட் பார்ப்பது இந்த நிறமூர்த்தங்களின் எண்ணிக்கையைத்தான். தலசீமியாவில் எண்ணிக்கை சரியாகவே இருக்கும். பழுது உள்ளே ஒரு பரம்பரை அலகில். ‘ரிப்போர்ட் நோர்மல்’ என்று நிம்மதியாக இருந்துவிட்டு, பிள்ளை வெளிறத் தொடங்கிய பிறகு தூக்கிக்கொண்டு வந்த தாய்மாரைப் பார்த்திருக்கிறேன். லாப் ஆளுக்குக் கமிஷன் எப்போதோ போய்ச் சேர்ந்திருக்கும்.

அக்கா காவி, அதாவது நோயில்லாமல் பழுதைச் சுமப்பவர். உங்கள் கணவரும் அப்படி இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. நீங்களும் அதே குடும்பம். இந்தக் கிழமையே இருவரும் முழு இரத்தப் பரிசோதனையும், எச்பிஎல்சி என்னும் ஈமோகுளோபின் பரிசோதனையும் செய்யுங்கள். எம்சிவி, அதாவது சிவப்பணுவின் சராசரிப் பருமன் 80க்குக் கீழே, ஏ2 என்னும் ஈமோகுளோபின் வகை 3.5 வீதத்துக்கு மேலே என்றால் காவி. ஒருவரின் ரிப்போர்ட் முழுக்கச் சுத்தம் என்றால் பிள்ளைக்குப் பயமில்லை.

ஒரு இடத்தில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். கர்ப்பிணியின் எம்சிவி குறைந்தால் ‘இரும்புச்சத்து காணாது’ என்று குளிசை எழுதி அனுப்பிவிடுவார்கள். இரும்பு உண்மையிலேயே குறைவென்றால் ஏ2வும் கொஞ்சம் இறங்கும், 3.6 வரவேண்டியது 3.3 ஆக வந்து ‘காவி இல்லை’ என்று போய்விடும். ஆகவே உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் சேர்த்துப் பாருங்கள். இரும்பு குறைவு, ஏ2 விளிம்பில் என்றால் மரபணுப் பரிசோதனை கேளுங்கள். குளிசை போட்டுப் பார்த்து மூன்று மாதம் காத்திருக்க உங்களுக்கு நேரமில்லை. கணவருக்கு இந்தக் குழப்பம் குறைவு. அவருடைய ரிப்போர்ட்டை முதலில் எடுங்கள்.

இருவரும் காவி என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து. 11 முதல் 14 கிழமைக்குள் நச்சுக்கொடித் திசுவில், அல்லது 15க்குப் பிறகு பன்னீர்க்குடத்து நீரில் பார்த்து உறுதி செய்யலாம். அதன் பிறகு? 1883இன் தண்டனைச் சட்டக்கோவை தாயின் உயிரைக் காக்க மட்டும்தான் கருக்கலைப்பை விடுகிறது. டெஸ்ட் விற்பவர்கள் இதை வாய்திறந்து சொல்லமாட்டார்கள். சட்டத்தை மாற்ற வேண்டியவர்கள் கூடிக் கூடிக் கலைகிறார்கள். குருநாகலில் தேசிய தலசீமியா நிலையமே இருக்கிறது. ஆனாலும் கலியாண எழுத்துக்கு முன் ‘இரத்தம் பார்த்தீர்களா’ என்று யார் கேட்கிறார்கள்?

வைத்தியரிடம் போகும்போது அக்காவிடம் பிள்ளையின் ரிப்போர்ட் கொப்பியையும் வாங்கிப் போங்கள். எந்தப் பழுது என்று அதில் எழுதியிருந்தால், தேடுகிற வேலை பாதியாகும்.