பட்டியலில் மூன்று பெயர்கள்

கேள்வி: எனக்கு வயது 43, பி.எம்.ஐ. 41. எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொள்வதென்று முடிவெடுத்துவிட்டேன். என் இன்சூரன்ஸ் ஏற்கும் பட்டியலில் மூன்றே சர்ஜன்கள்; என் தோழிக்கு நன்றாகச் செய்தவர் அதில் இல்லை. பட்டியலில் முதலாமவரைப் பார்த்தேன். பத்தே நிமிடம், "ஸ்லீவ் பண்ணிடலாம், அடுத்த மாசம் வாங்க" என்றார். நான் பல வருடமாக நெஞ்செரிச்சலுக்கு மாத்திரை போடுவதை அவர் கேட்கவே இல்லை. கடன் வாங்கியாவது தோழியின் டாக்டரிடம் போய்விடலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: கடன் பேச்சைக் கொஞ்சம் தள்ளி வைப்போம். நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கும் நெஞ்செரிச்சல்தான் என் கண்ணில் முதலில் பட்டது.

ஸ்லீவ் முறையில் இரைப்பையில் சுமார் 75 முதல் 80 சதவீதத்தை வெட்டி எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது ஒரு குறுகிய குழாய். அதற்குள் அழுத்தம் கூடுவதால் அமிலம் மேலேறுவது எளிது. ஏற்கெனவே நெஞ்செரிச்சல் இருப்பவர்களில் பலருக்கு அது மோசமாகலாம். அதனாலேயே சிலர் பிறகு பைபாஸுக்கு மாற நேர்கிறது. இது இதய பைபாஸ் அல்ல; இரைப்பையைச் சின்னப் பையாக்கி நேரே சிறுகுடலோடு இணைக்கும் முறை. பைபாஸில் இந்தத் தொல்லை பெரும்பாலும் குறையும். உங்களுக்கு எது சரி என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் கேட்காமலும், எண்டோஸ்கோப்பி (வாய் வழியாகக் கேமரா குழாய் விட்டு இரைப்பையைப் பார்க்கும் பரிசோதனை) பற்றிப் பேசாமலும் ஒருவர் முறையை முடிவு செய்துவிட்டார் என்றால், அடுத்த பெயரைப் பார்க்க அதுவே போதும். இன்னும் இருவர் இருக்கிறார்களே!

அவர்களிடம் சுவரில் மாட்டியிருக்கும் பட்டங்களைப் பற்றிக் கேட்க வேண்டாம். போன வருடம் எத்தனை செய்தீர்கள், அதில் பைபாஸ் எத்தனை, 30 நாளுக்குள் மறுபடி மருத்துவமனைக்கு வந்தவர்கள் எத்தனை பேர், என் அறுவை சிகிச்சையை நீங்களே செய்வீர்களா என்று கேளுங்கள். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். நல்ல சர்ஜன் கோபித்துக்கொள்ள மாட்டார். இந்தக் கணக்கு அவர் கையிலேயே இருக்கும்.

எண்ணிக்கையை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 20 சர்ஜன்கள் தாங்கள் செய்த லேப்ராஸ்கோப்பி (சிறு துளை வழியாகச் செய்யும்) பைபாஸ் வீடியோவை ஆளுக்கொன்று கொடுத்தார்கள். யாருடையது என்று தெரியாமலே சக சர்ஜன்கள் மதிப்பெண் போட்டார்கள். 2013-ல் வெளியான முடிவு இது: மதிப்பெண்ணில் கடைசிக் கால்வாசியில் இருந்தவர்களின் நோயாளிகளில் 14.5 சதவீதம் பேருக்குச் சிக்கல். முதல் கால்வாசியினரிடம் 5.2 சதவீதம்தான். கைத்திறன் மிக்கவர்கள் ஆண்டுக்கு அதிகம் செய்கிறவர்களாகவும் இருந்தார்கள். அந்த வீடியோவை நீங்களும் நானும் பார்க்கப்போவதில்லை. எண்ணிக்கையைக் கேட்கலாம். தோழியின் அனுபவம் பெரிய ஆறுதல்தான், ஆனாலும் அது ஒரே ஒரு அறுவை சிகிச்சை.

மருத்துவமனையையும் பாருங்கள். தையல் போட்ட இடத்தில் கசிவு, ரத்தக்கசிவு, நுரையீரலுக்குப் போகும் ரத்தக்கட்டி ஆகியவைதான் பயப்பட வேண்டியவை. அவை நேரம் பார்த்து வருவதில்லை. நள்ளிரவில் யார் வருவார், ஐ.சி.யூ. அங்கேயே இருக்கிறதா, ஸ்கேன் மேசை அதிக எடையைத் தாங்குமா?

இப்போது கடன். அறுவை சிகிச்சைக்கு ஆகும் தொகையை மட்டும் கணக்கிட்டிருப்பீர்கள். கசிவு ஏற்பட்டு மூன்று வாரம் படுக்க நேர்ந்தால்? பாலிசிக்கு வெளியே செய்ததன் சிக்கல் என்று சொல்லி அந்தச் செலவையும் தர மறுக்கும் பாலிசிகள் உண்டு. எவ்வளவுக்குப் போகும் என்று தெரியாத கடன் அது. அதனால்தான் வேண்டாம் என்கிறேன்.

இருவரும் சரிப்படவில்லை என்றால், "எனக்குத் தேவையான முறையில் அனுபவமுள்ளவர் உங்கள் பட்டியலில் இல்லை" என்று நிறுவனத்துக்கு எழுதி, வெளியே உள்ளவருக்கு விதிவிலக்கு கேளுங்கள். உங்கள் சர்க்கரை நோய் மருத்துவரின் கடிதத்தையும் இணையுங்கள். மறுத்தால் மேல்முறையீடு. ஃபோனில் யாராவது "கிடைக்கும் மேடம்" என்றால் அதை நம்பிக் கிளம்பாதீர்கள், எழுத்தில் வாங்குங்கள். முன் அனுமதிக்கு எத்தனை மாத உணவுக் கட்டுப்பாட்டுப் பதிவு வேண்டும், சிக்கலும் மறு அறுவை சிகிச்சையும் சேருமா, மயக்க மருந்து நிபுணரும் பட்டியலில் இருக்கிறாரா என்பதெல்லாம் அதில் வரட்டும். கடைசிக் கேள்வியை நிறையப் பேர் மறந்துவிட்டுத் தனி பில்லைப் பார்த்து அதிர்கிறார்கள்.

அடுத்தவரைப் பார்க்கும்போது மாத்திரை அட்டைகளை எல்லாம் கையோடு எடுத்துப் போங்கள். பி12, இரும்பு, கால்சியம் ஆயுளுக்கும் எடுக்க வேண்டியிருக்கும். அந்த ரத்தப் பரிசோதனைகளை யார் கவனிப்பார் என்று கேளுங்கள். அதைவிட அவசரமான ஒன்று: அறுவை சிகிச்சை முடிந்த சில நாளிலேயே உங்கள் சர்க்கரை சட்டென்று இறங்கக்கூடும். அன்று மாத்திரை அளவைக் குறைக்கப்போவது யார், எந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும் என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்து, குறித்துக்கொண்டு வாருங்கள்.