நெல்லையப்பர் கோயில் கடலுக்குப் போன கதை: ஜி.ஐ.எஸ். படிக்கும் மகளின் தந்தைக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

முதுநிலை இறுதியாண்டில் படிக்கும் தங்கள் மகள், அலுவலகங்களின் ஜி.ஐ.எஸ். (கணினி வழிப் புவியியல் தகவல்) அமைப்புகளில் உள்ள இடர்களை ஃபஸி லாஜிக் (ஆம், இல்லை என்று வெட்டிப் பிரிக்காமல் அளவாகக் கணக்கிடும் முறை) கொண்டு மதிப்பிடும் ஆய்வைத் தேர்ந்தெடுத்திருப்பதாகவும், இதற்கு யார் வேலை கொடுப்பார்கள் என்று தாங்கள் கவலைப்படுவதாகவும் எழுதியிருந்தீர்கள். ஃபஸி லாஜிக்குக்கென்று தனியாக ஒரு வேலை கிடைப்பது அரிது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த ஆய்வுக்காக அவர் கற்றுக்கொள்ளும் மற்றவற்றுக்கு வேலை உண்டு.

வரைபடத்தை நம்பி நடக்கும் எந்த அலுவலகத்திலும் தரவு பழையதாகலாம். கடவுச்சொல் தெரிந்த ஒரே ஊழியர் மாற்றலாகிப் போகலாம். எடுத்துவைத்த காப்புப் பிரதியை யாரும் திறந்து பார்க்காமலே இருந்திருக்கலாம். நம் பகுதிக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. 78 பாகை தீர்க்கரேகை திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் இடையே செல்வதால், உலகை 6 பாகை அகல மண்டலங்களாகப் பிரித்து இடங்களை மீட்டரில் குறிக்கும் யு.டி.எம். முறையில் திருநெல்வேலி 43ஆம் மண்டலத்திலும் தூத்துக்குடி 44ஆம் மண்டலத்திலும் அமைகின்றன; தாமிரபரணி இரண்டிலும் ஓடுகிறது. 43ஆம் மண்டலத்துக்கான வரைபடக் கோப்பு ஒன்றை 44 என்று தவறாகக் குறித்துவிட்டால், நெல்லையப்பர் கோயில் ஏறத்தாழ 660 கிலோமீட்டர் கிழக்கே நகர்ந்து, இலங்கையையும் தாண்டி வங்கக் கடலில் நிற்கும். அவ்வளவு பெரிய பிழை உடனே கண்ணில் பட்டுவிடும். இருபது மீட்டர் பிழை படாது. 2023 டிசம்பரில் வந்தது போன்ற வெள்ளத்தில், மேட்டில் இருக்கும் வீட்டை அது பள்ளத்தில் காட்டிவிடும்.

இத்தகைய இடர்களுக்கு நிகழ்தகவு கணக்கிடும் அளவுக்குப் பழைய பதிவுகள் பெரும்பாலும் இருப்பதில்லை. ‘கொஞ்சம் பழசு’, ‘ரொம்ப ஆபத்து’ என்று அனுபவசாலிகள் சொல்லும் சொற்களே இருக்கும். 1965இல் லோட்ஃபி ஸாதே முன்வைத்த ஃபஸி கணக் கோட்பாடு, ஒன்று ‘பழையது’ ஆகுமா ஆகாதா என்று வெட்டிப் பிரிக்காமல், எந்த அளவுக்குப் பழையது என்பதை 0 முதல் 1 வரையிலான எண்ணால் குறிக்கிறது. மூன்றாண்டாகப் புதுப்பிக்காத தரவு ‘பழையது’ என்பதற்கு 0.6, ஒரே ஊழியரைச் சார்ந்திருப்பது ‘அதிகம்’ என்பதற்கு 0.8 என்று கொள்வோம். ‘இரண்டும் சேர்ந்தால் இடர் பெரிது’ என்ற விதி, மாம்தானி என்பவர் வகுத்த முறைப்படி, இரண்டில் சிறியதான 0.6 அளவுக்குச் செயல்படும். எல்லா விதிகளின் விளைவுகளையும் வரைகோட்டுப் படத்தில் ஒரே பரப்பாக ஒன்றாக்கி, அந்தப் பரப்பின் மையத்தைக் கண்டால் இடருக்கு ஒற்றை மதிப்பு கிடைக்கும்.

இந்தக் கணக்கைப் பைத்தான் என்ற கணினி நிரல்மொழி செய்துவிடும். அந்த 0.6 எங்கிருந்து வந்தது என்பதைத்தான் நேர்காணலில் கேட்பார்கள். சர்வேயர், தரவுப் பதிவாளர், பொறியாளர் ஆகியோரிடம் தனித்தனியே கேட்டு, அவர்கள் முரண்பட்ட இடங்களையும் குறித்துவைத்த மாணவியால் மட்டுமே அதற்குப் பதில் சொல்ல முடியும். ஆகவே புராஜெக்ட் சென்டரில் ஆயத்த ஆய்வை விலைக்கு வாங்கித் தரவேண்டாம்; அந்தப் பணத்தில் நல்ல கணினி ஒன்று வாங்கலாம். வரைபட மென்பொருளான கியூஜிஐஎஸ், வரைபடத் தரவைச் சேமிக்கும் போஸ்ட்ஜிஐஎஸ் இரண்டும் இலவசம். தனியார் நிறுவனங்கள் வரைபடத் தரவு திரட்டுவதற்கு இருந்த கட்டுப்பாடுகளை 2021 பிப்ரவரியில் ஒன்றிய அரசு பெருமளவு தளர்த்தியது என்பதால், அரசுப் பணியை மட்டும் எதிர்பார்த்துக் காத்திருக்கவும் வேண்டியதில்லை.

அடுத்த முறை வரும்போது மதிப்பெண் பட்டியலுக்குப் பதிலாக, யார் யாரிடம் என்னென்ன கேட்கப் போகிறார் என்பதை ஒரு பக்கத்தில் எழுதி எடுத்துவரச் சொல்லுங்கள்.