எழுத்து தெரிகிறது, சேர்த்துப் படிக்க வரவில்லை என்றால்

சகோதரி, ஒன்றாம் வகுப்புப் பையன் 247 எழுத்தையும் வரிசையாக ஒப்பிக்கிறான், 'கொடி' என்று எழுதிக் காட்டினால் மட்டும் முழிக்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். வரிசை மனப்பாடம் ஆகிவிட்டது, அவ்வளவுதான். அதைக் கொஞ்ச நாள் நிறுத்தி வையுங்கள்.

முதலில் படம், மரம், பல் போன்ற, துணைக்குறி இல்லாத சொற்கள். அப்புறம் கா, மா என்று வரும் துணைக்கால், பிறகு இகரம், உகரம். உகரத்தில் அவசரம் வேண்டாம். கு, சு, து, மு என்று வடிவம் மாறிக்கொண்டே இருக்கும். கொம்பு கடைசியில் வரட்டும். கெ, கே, கை மூன்றிலும் குறி முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ பின்னால் வருகிறது. கொ என்றால் இரண்டு பக்கமும் குறி. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் பார்க்கும் பிள்ளை அங்கே தடுமாறத்தான் செய்யும். கொம்பையும் சேர்த்து ஒரே எழுத்தாக வட்டம் போட்டுக் காட்டுங்கள்.

தக்கலையில் இருக்கிறீர்கள், பஸ்ஸுக்கு நிற்கும்போது போர்டைப் படிக்கச் சொல்லுங்கள். உகரம் பழகியதும் குளச்சலும் கருங்கலும் வந்துவிடும். கொல்லங்கோடு பஸ் வந்தால் இன்னும் நல்லது, கொ, கோ இரண்டும் ஒரே பெயரில் கிடைக்கும். தப்பாகப் படித்தால் திட்டாதீர்கள், பாவம். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும்; தூக்கம் வந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.