மனப்பாடக் கட்டுரையை மூடி வையுங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் டியூஷன் எடுக்கும் ஆசிரியருக்கு: ஐந்தாம் படிவப் பிள்ளைகள் மனப்பாடம் செய்த ஆங்கிலக் கட்டுரையையே எந்தக் கேள்விக்கும் எழுதி வைக்கிறார்கள் என்கிறீர்கள். ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்பிஎம் தேர்வின் ஆங்கில எழுத்துத் தாளில் உள்ளடக்கத்துக்குத் தனி மதிப்பெண்; அலங்கார வாக்கியம் காப்பாற்றாது.

முதல் பகுதியான 80 சொல் மின்னஞ்சலில் தொடங்குங்கள். அவர்கள் கண்ணால் பார்த்ததையே கேளுங்கள்: நீளக் கம்பில் கட்டிய அரிவாளால் அப்பா செம்பனை (எண்ணெய்ப் பனை) குலையை எப்படி இறக்கினார், உதிரிப் பழத்தை யார் பொறுக்கினார்கள்? முதலில் வாயால் சொல்லட்டும், பிறகு எழுதட்டும். வினைச்சொற்களுக்கு அவர்களே அடிக்கோடு போடட்டும். மலாய் மொழியில் வினை காலத்துக்கேற்ப உருமாறாது. பள்ளியில் நாள் முழுதும் அதில் எழுதும் கை ஆங்கிலத்திலும் அப்படியே போகிறது.

ஒரு தாளில் ஒரு வகைப் பிழையை மட்டும் திருத்துங்கள். பக்கமெல்லாம் சிவப்பு மை என்றால் எவன் படிப்பான்? திருத்திய தாளையே மறுநாள் திரும்ப எழுத வையுங்கள்.