கிளேர்மான்ட்டின் பதினாறு ஆண்டுகள்: கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

பிறவியிலேயே அரிய ஆற்றல் கொண்டவர்களின் அணியைப் பற்றி கிறிஸ் கிளேர்மான்ட் எழுதிய எக்ஸ்-மென் காமிக்ஸை நீங்கள் அடிக்கடி குறிப்பிடுவதால், அவற்றில் மிகவும் புகழ்பெற்ற இரண்டு கதைகளைத் தொகுப்பாக வாங்கிப் படித்தேன். ஒன்று அணியைச் சேர்ந்த ஜீன் கிரே ஃபீனிக்ஸ் என்னும் பேராற்றலாகி அழியும் கதை. மற்றது அழிந்துபோன எதிர்காலத்திலிருந்து அணியின் இளம் உறுப்பினர் கிட்டி பிரைட்டின் மனம் நிகழ்காலத்துக்குத் திரும்பிவரும் கதை. இரண்டும் பிடித்திருந்தன. ஆனால் பக்கமெல்லாம் எழுத்து அடைத்துக்கொண்டு நிற்கிறது. அணித் தலைவர் சைக்ளாப்ஸின் கண்ணிலிருந்து கதிர் பாய்வது படத்திலேயே தெரியும்போது, அதை அவரே வேறு வாய்விட்டுச் சொல்கிறார். ஜான் பைர்னின் ஓவியம் இல்லாவிட்டால் இந்தக் கதைகள் நின்றிருக்குமா என்ற ஐயம் எனக்கு இருக்கிறது. கிளேர்மான்ட்டை எதற்காக இவ்வளவு கொண்டாடுகிறோம்?

அன்புடன்,
ர.

அன்புள்ள ர.,

குறையைச் சரியாகவே பிடித்திருக்கிறீர்கள். கிளேர்மான்ட் சொல்லாமல் விடத் தெரியாத எழுத்தாளர். அவருடைய வசனங்களைப் பல ஆண்டுகள் கையால் எழுதிய டாம் ஓர்சகௌஸ்கி அவ்வளவு சொற்களையும் படிக்கும்படியாகப் பேச்சுப் பலூன்களுக்குள் அடக்கியதே ஒரு தனிக்கலை. இதற்கு ஒரு காரணமும் உண்டு. அவை மாதம் ஓர் இதழாக வந்தவை. எந்த இதழும் யாரோ ஒருவர் கையில் எடுக்கும் முதல் இதழாக இருக்கலாம் என்பதால், யாருக்கு என்ன ஆற்றல் என்பதை ஒவ்வொரு முறையும் சொல்லியாக வேண்டியிருந்தது. பத்து இதழ்களை ஒரே மூச்சில் படிப்பவருக்கு அது அலுப்பூட்டத்தான் செய்யும்.

பைர்னைப் பற்றிய உங்கள் ஐயத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. பைர்ன் இருந்த காலம் 1977 முதல் 1981 வரை. கதையமைப்பிலும் அவருக்குப் பங்கு உண்டு என்பதில் மறுப்பில்லை. ஆனால் கிளேர்மான்ட் 1975இல் 94ஆம் இதழில் தொடங்கி 1991 வரை எழுதினார். டேவ் காக்ரம், பைர்ன், பால் ஸ்மித், ஜான் ரொமிட்டா ஜூனியர், மார்க் சில்வெஸ்ட்ரி, ஜிம் லீ என்று ஓவியர்கள் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருந்தார்கள். மாந்தர்கள் மட்டும் அதே நினைவுகளோடு வளர்ந்துகொண்டிருந்தார்கள். அவர் கைக்கு வந்தபோது அந்தத் தொடர் 1970 முதல் பழைய கதைகளையே மறுபதிப்புச் செய்துகொண்டிருந்த, ஏறக்குறைய கைவிடப்பட்ட ஒன்று. ஸ்டார்ம், நைட்கிராலர், கொலாசஸ் ஆகிய புதிய மாந்தர்களை உருவாக்கியவர்கள் லென் வெய்னும் காக்ரமும்தான். உருவமும் உடையும் ஆற்றலும் ஆயத்தமாகக் கிடைத்தன. ஆளை கிளேர்மான்ட் உண்டாக்க வேண்டியிருந்தது.

ஸ்டார்மையே எடுத்துக்கொள்ளுங்கள். வானத்தையும் மழையையும் ஆளும் அவள், 102ஆம் இதழில் ஓர் அயர்லாந்துக் கோட்டைக்குள் சண்டை நடந்துகொண்டிருக்கும்போது திடீரென்று ஒடுங்கிச் செயலற்றுப் போகிறாள். குழந்தைப் பருவத்தில் கெய்ரோவில் அவள் வீட்டின்மீது விமானம் விழுந்து பெற்றோர் இறந்ததையும், இடிபாடுகளுக்குள் தாயின் உடலருகே அவள் சிக்கிக் கிடந்ததையும் அப்போதுதான் அறிகிறோம். வேறொருவராக இருந்தால் அந்த அச்சத்தை அந்த இதழோடு மறந்திருப்பார். கிளேர்மான்ட் மறக்கவில்லை. எக்ஸ்-மென் அணியை நிறுவிய சேவியரின் பள்ளி மாளிகையில் அவள் தங்குவது கூரையில் கண்ணாடிச் சாளரம் வைத்த, செடிகள் நிறைந்த மேல்மாடி அறையில். ஏன் அந்த அறை என்று யாரும் விளக்குவதில்லை. விளக்குவதில் அவ்வளவு ஆசை கொண்ட ஒருவர் இதை விளக்காமல் விட்டதை நான் எப்போதும் வியப்போடு நினைத்துக்கொள்வதுண்டு.

பிறகு அவளிடமிருந்து ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டே போகிறது. 1983இல் ஜப்பானில் தலையின் இருபுறமும் மழித்து, தோலுடை அணிந்து வந்து நிற்கும் அவளைக் கண்டு, அவளைத் தாயைப்போல எண்ணியிருந்த கிட்டி அழுதுகொண்டே ஓடிவிடுகிறாள். அடுத்த ஆண்டு ஆற்றலே பறிபோகிறது. அதைத் தொடர்ந்து பேரி வின்ட்சர்-ஸ்மித் வரைந்த 186ஆம் இதழின் பெரும்பகுதி, இனி பறக்க முடியாத ஒரு பெண்ணும் அவளைக் கவனித்துக்கொள்ளும் ஓர் ஆணும் ஒரே வீட்டுக்குள் பேசிக்கொள்வதுதான். அந்த ஆற்றலைப் பறித்த கருவியை உருவாக்கியவன் தான் நேசிக்கத் தொடங்கிவிட்ட அதே மனிதன்தான் என்பதை அவள் அறிந்துகொள்ளும் இடத்தில், எந்தச் சண்டைக்காட்சியும் தராத ஒரு கனம் நம்மீது இறங்குகிறது. ஆற்றல் திரும்பாத நிலையிலேயே 201ஆம் இதழில் சைக்ளாப்ஸோடு போட்டியிட்டு அணியின் தலைமையை வெல்கிறாள். அந்த வெற்றியின் மதிப்பு அந்த ஓர் இதழை மட்டும் படிப்பவருக்குப் பிடிபடாது. தொகுப்பாக வரும் புகழ்பெற்ற கதைகளை மட்டும் படித்தவர்களுக்கு கிளேர்மான்ட் கைநழுவிப்போவது இதனால்தான்.

நீங்கள் படித்த ஃபீனிக்ஸ் கதையின் முடிவுகூட முழுக்க அவர் விருப்பப்படி அமைந்ததல்ல. ஜீன் தன் ஆற்றலை மட்டும் இழந்து உயிரோடு இருப்பதாகத்தான் முதலில் எழுதப்பட்டிருந்தது. ஒரு கோளின் ஐந்நூறு கோடி உயிர்களை அழித்தவள் அவ்வளவு எளிதாகத் தப்பக்கூடாது என்று தலைமை ஆசிரியர் ஜிம் ஷூட்டர் மறுத்ததால் 137ஆம் இதழின் முடிவு மாற்றப்பட்டது. ஷூட்டர் செய்தது சரி என்பதே என் எண்ணம். ஒரு செயலின் விளைவு அதைச் செய்தவரை விடாது என்பதை கிளேர்மான்ட் அங்கேதான் முழுமையாகக் கற்றுக்கொண்டார் என்றுகூட எனக்குத் தோன்றுவதுண்டு.

மேக்னெட்டோவின் கதையை அப்படித்தான் படிக்கிறேன். 1963இலிருந்து உலகை ஆளத் துடிக்கும் வழக்கமான வில்லனாக இருந்தவன் அவன். 1981இல் வந்த 150ஆம் இதழில் தன் கருவிகளைக் குலைத்த ஒருத்தியைத் தாக்கி வீழ்த்துகிறான். வீழ்ந்தவள் பதின்மூன்று வயதுச் சிறுமி கிட்டி என்பதைக் கண்டதும் அவளைக் கையில் ஏந்தியபடி உடைந்துபோகிறான். ஆஷ்விட்ஸில் குடும்பத்தை இழந்தவன் அவன் என்பது நமக்குத் தெரியவருவது அந்தப் பக்கத்தில்தான். அந்த ஒரு பக்கத்தில் அவன் திருந்திவிடுவதில்லை. 200ஆம் இதழில் பாரிஸ் நீதிமன்றத்தில் நின்று, சேவியரின் பள்ளியைப் பொறுப்பேற்பதற்குள் நான்கு ஆண்டுகளுக்குமேல் ஆகிறது. வாசகரும் அந்த நான்கு ஆண்டுகள் மாதாமாதம் காத்திருந்தார்.

கடைசி ஆண்டுகளில் அவர் எழுத்து தளர்ந்தது உண்மை. இழுத்துவிட்ட நூல்கள் பல முடிச்சின்றி அறுந்துபோயின. ஒரே சொற்றொடர்கள் திரும்பத் திரும்ப வந்தன. பதிப்பாசிரியர் பாப் ஹாரஸோடு முரண்பாடு முற்றிய நிலையில் 1991இல் எக்ஸ்-மென் என்ற பெயரிலேயே ஒரு புதிய வரிசை தொடங்கியது. அதன் முதல் இதழ் எண்பது லட்சத்துக்கும் மேற்பட்ட படிகள் விற்று கின்னஸ் சாதனை ஆயிற்று. மேக்னெட்டோ மீண்டும் எதிரியாகியிருந்தான். அவனது மனமாற்றமே முன்பு மருத்துவ முறையில் அவனுக்குள் புகுத்தப்பட்டதோ என்ற ஐயமும் கதைக்குள் எழுப்பப்படுகிறது.

கிளேர்மான்ட் விடைபெற்ற, அந்தப் புதிய வரிசையின் மூன்றாம் இதழைத் தேடிப் படியுங்கள். விண்ணில் சிதைந்துகொண்டிருக்கும் தன் பாறைக்கோட்டையை விட்டு வெளியேற மறுத்து மேக்னெட்டோ அங்கேயே தங்கிவிடுகிறான். அதற்குமுன் அந்த மருத்துவ முறைக்கு நிலைத்த பயன் கிடையாது என்பதும், ஆற்றலைப் பயன்படுத்தியவுடனேயே அது நீங்கிவிடும் என்பதும் சொல்லப்படுகின்றன. ஆகவே அந்த ஆண்டுகளில் அவன் செய்த நன்மை முழுவதும் அவனே தேர்ந்து செய்தது. பத்தாண்டுக் காலம் தான் வளர்த்த ஒருவனைப் பிறர் கையில் விட்டுப் போகுமுன் கிளேர்மான்ட் அவனுக்காகச் சொல்லிவைத்த வாக்குமூலம் அது.

அன்புடன்.